சித்தப்பா பிடுங்கிய மரவள்ளிச் செடி

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்து, திருச்சிக்குப் போய் விவசாயமும் படித்த முதல் ஆள் நான். இதை நானே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

படிப்பு முடிந்ததும், தொட்டியம் பக்கம் எங்களுக்கு இருக்கும் கிணற்றடி வயலைக் கேட்டேன். வாழை போடுவதற்காகச் சித்தப்பாவும் அதே வயலைக் கேட்டிருந்தார்.

"ஒரு வெள்ளாமை எடுத்துப் பாரு. தேறலைன்னா என் தம்பிக்குத்தான்" என்றார் அப்பா.

மரவள்ளிக் குச்சியை நட்டு, வரிசைகளுக்கு நடுவே மக்காச்சோளம் ஊன்றினேன். மரவள்ளி சோம்பேறி, மெதுவாகத்தான் எழும். அது நிமிர்வதற்குள் சோளம் கதிர் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடும் என்பது என் கணக்கு. ஆனால் சோளம் ஆள் உயரம் வளர்ந்து மரவள்ளியை மறைத்ததும் சித்தப்பாவுக்குக் கொண்டாட்டம். வரப்பில் நின்றுகொண்டு கேட்பார்:

"ஏம்மா, மாமியாரையும் மருமகளையும் ஒரே அடுப்படியில விட்டிருக்கியே, யாரு மிஞ்சுவா?"

"ரெண்டு பேரும் சமைப்பாங்க. நீங்க சாப்பிட வாங்க சித்தப்பா."

வந்தார். அவித்த கதிரில் மூன்றைக் கடித்து முடித்துவிட்டு, "சோளம் சரி. கிழங்கு எலிவாலாத்தான் இருக்கும்" என்று கை கழுவினார். மீதிக் கதிர் திருச்சி காந்தி மார்க்கெட்டுக்குப் போனது.

மரவள்ளி முற்றியபின், வியாபாரியைக் கூப்பிடும் முன்னால் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்ப்பது வழக்கம். எந்தச் செடி என்பதைத் தானே முடிவு செய்வதாகச் சித்தப்பா அடம்பிடித்தார். அவருக்கு வாழைதான் தெரியும். மரவள்ளிக் கிழங்கு பருத்தால் தூரைச் சுற்றி மண் வெடிக்கும் என்பது தெரியாது. ஓரத்தில் நின்ற ஒரு நோஞ்சான் செடியின் அடியில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அதை அன்று காலையிலேயே சருகு தள்ளி மூடியிருந்தேன்.

"எதை வேணும்னாலும் புடுங்குங்க. அந்த ஓரத்துச் செடி மட்டும் வேணாம் சித்தப்பா, பாவம்" என்று கெஞ்சினேன்.

"அதைத்தான் புடுங்கணும்!" வேட்டியை மடித்துக் கட்டினார்.

இழுத்தார். அசையவில்லை. தம் பிடித்து இழுத்ததில் செடி வந்தது. சித்தப்பா பொத்தென்று மண்ணில் உட்கார்ந்தார். மடி நிறையக் கிழங்கு, ஒவ்வொன்றும் அவர் முழங்கைத் தடிமன்.

அப்பா சிரிக்கவில்லை. தானே இன்னும் இரண்டு செடியைப் பிடுங்கினார். அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் எலிவால் இல்லை. கையைத் தட்டிக்கொண்டு, "தம்பி, வாழைக்கு வேற இடம் பாத்துக்க. இது பாப்பாகிட்டயே இருக்கட்டும்" என்றார்.

"அது கிடக்கட்டும், முதல்ல கையக் குடுங்கண்ணே" என்றார் சித்தப்பா, கிழங்கை மடியிலிருந்து இறக்காமலே. "இந்தச் செடி நான் புடுங்கினது. வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்."