ஏலத்துக்கு முன்னால் ஒரு பிரஷர்

பட்டினச்சேரி கரையில் மீன் இறங்கிவிட்டது. ஏலம்தான் இன்னும் தொடங்கவில்லை. மீன்காரப் பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஐஸ் பெட்டி மேல் கருவியை வைத்து நர்ஸ் பிரஷர் பார்க்கிறார்.

"ஏலம் முடிந்து பார்க்கக்கூடாதா?" என்று அவரிடம் கேட்கிறேன்.

"மொதல்ல அப்படித்தாங்க பாத்தேன். ஏலத்துல கத்திட்டு வந்தா எல்லாருக்குமே எகிறிக் காட்டுச்சு. ஆஸ்பத்திரி தெறந்திருக்குற நேரம் இவங்க யாவாரத்துல இருப்பாங்க. அதான் இப்பவே."

போன மாதம் இதே மணலில் மயங்கி விழுந்த செல்வியக்கா கடைசியாகக் கையை நீட்டுகிறார். ஏலக்காரரும் வந்து எட்டிப் பார்க்கிறார். கைப்பட்டையில் காற்று மெல்ல இறங்குகிறது.

"நல்லா கொறஞ்சிருக்குக்கா. மாத்திரைய மட்டும் விட்டுடாதீங்க."

எனக்கே இப்போதுதான் மூச்சு வருகிறது. செல்வியக்கா ஏலக்காரரை முறைக்கிறார்.

"இன்னும் என்ன வேடிக்க? ஏலத்தக் கூறுங்க!"

ஏலத்தில் முதல் விலை கேட்பதும் அவர்தான், கரையே அதிரும் குரலில்.