முதலிடத்தில் ஆர்த்தி

நன்னிலத்தில் பல வருடமாக உயிரியல் டியூஷன் எடுக்கும் சாவித்திரியிடம், உனக்குப் பொறாமை என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவாள். ஆனால் பர்வின் பெயரைக் கேட்டாலே அவளுக்கு வயிறு எரியும். அதற்குப் பெயர் பொறாமை இல்லாமல் வேறென்னவாம்?

சாவித்திரி வேலை பார்க்கும் டியூஷன் சென்டரிலேயே, அதே உயிரியல் எடுக்க அவளுக்குப் பின்னால் சேர்ந்தவள் பர்வின். வகுப்புகள் ஆன்லைனுக்கு மாறியபோது சாவித்திரி புத்தகத்தைத் திறந்து பாடம் வாசித்தாள். பர்வினோ திரையில் இதயப் படத்தைப் போட்டு, ரத்தம் போகும் வழியைப் பிள்ளைகளையே விரலால் இழுத்துக் காட்டச் சொன்னாள். கேள்விக்கு முதலில் பதில் தட்டியவர் பெயர் திரையில் பட்டாசு வெடித்து மேலே ஏறும். சாவித்திரியின் பிள்ளைகள் ஒவ்வொருவராக அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.

"அடுத்த மாசத்துலேருந்து ஒரே வகுப்புதாங்க. பிள்ளைங்க யாருகிட்ட நிக்குதோ அவங்க எடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டார் சென்டர் நடத்தும் குஞ்சிதபாதம்.

"பட்டாசு விட்டா பாடம் ஏறிடுமா? சர்க்கஸ் காட்டுறா!" என்று கணவர் மணிவண்ணனிடம் பொரிந்தாள் சாவித்திரி.

"ஒரு தடவை பாத்துட்டுத்தான் திட்டேன்" என்றார் அவர்.

பர்வினிடம் படிக்கும் பக்கத்து வீட்டு ஆர்த்தி அன்று குடும்பத்தோடு வேளாங்கண்ணி போயிருந்தாள். அவளுக்குப் போன் போட்டு வகுப்பு லிங்க்கை வாங்கி, அவள் பெயரிலேயே உள்ளே நுழைந்தாள் சாவித்திரி. குறை கண்டுபிடிக்கத்தான் போனாள். முதல் கேள்வி வந்தது. கை சும்மா இருக்குமா? தட்டினாள். இரண்டாம் இடம். அஸார் என்று யாரோ ஒரு பையன் முதலிடம். அட, ஒரு பொடியனா! மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். கடைசிக் கேள்வியில் அவனை முந்தினாள். பட்டாசு வெடித்தது. சாவித்திரி வாய்விட்டுச் சிரித்தாள்.

"ஆர்த்தி, கலக்கிட்டம்மா! மைக்க ஆன் பண்ணி ரெண்டு வார்த்தை பேசு" என்றாள் பர்வின்.

பதறிப்போய் வெளியேறப் பார்த்த சாவித்திரியின் விரல் மைக்கில் பட்டது. வீட்டுக்குப் பின்னால் வயல், நாளெல்லாம் பம்புசெட் சத்தம். அதனால் எந்த வகுப்பையும் அவள் ஒரே மாதிரிதான் தொடங்குவாள். மைக் திறந்ததும் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"கேக்குதா? எல்லாருக்கும் கேக்குதா?"

"ஐயய்யோ, சாவித்திரி மிஸ்!" என்று ஒரு குரல் அலறியது. அப்புறம் ஒவ்வொரு மைக்காகத் திறந்தது. "கேக்குது மிஸ்!" "நல்லாவே கேக்குது மிஸ்!"

மானம் போயிற்று. ஆனால் அவளைச் சுட்டது அது இல்லை. தன் வகுப்பில் இதே கேள்வியை எத்தனை நாள் கேட்டிருப்பாள்! ஒரு பிள்ளைகூட வாய் திறந்ததில்லை. அந்தக் குரல்களெல்லாம் இங்கேதான் இருந்திருக்கின்றன.

"அக்கா... நீங்களா?" என்றாள் பர்வின்.

சாவித்திரி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"நாளைக்குக் காலையில உன் வீட்டுக்கு வரேன். இதெல்லாம் எப்படிச் செய்யறதுன்னு ஒண்ணு விடாம சொல்லிக் குடு. அப்புறம் பாரு, இதே பிள்ளைங்கள உங்கிட்டேருந்து இழுத்துக்கிட்டுப் போறேனா இல்லையான்னு."