மதகடி வரை

பிரான்ஸ் நாட்டின் நாட்டுப்புறச் சாலைகள் எனக்கு மனப்பாடம். பாரிஸிலிருந்து ரயிலில் தெற்கே போய் இறங்கினால் எந்த ஊருக்கு அடுத்தது எந்த ஊர், எந்த ஏற்றத்தில் கியரைக் குறைக்க வேண்டும், எந்த வளைவில் பண்ணை நாய் துரத்தும் என்று இன்றைக்கும் தடுமாறாமல் சொல்வேன். ஆனால் நான் அந்தப் பக்கம் போனதே இல்லை. பாஸ்போர்ட்கூட எடுக்கவில்லை. எல்லாம் ஒருவன் சொல்லக் கேட்டதுதான்.

அவன் என் பள்ளிக்கூடக் கூட்டாளி. சம்பூரில் ஒரே வகுப்பு, ஒரே வாங்கில்தான் இருந்தோம். சண்டையில் ஊர் கலைவதற்குச் சில வருடங்களுக்கு முன்பே அவன் பிரான்ஸுக்குப் போய்விட்டான். அவனுடைய வீட்டாரும் கொழும்புக்குப் போய்விட்டார்கள். நான் ஊரில் இருந்தேன். இருந்த குற்றத்துக்கு எல்லாரோடும் சேர்ந்து ஓடினேன், முகாம்களில் கிடந்தேன், கடைசியில் திருகோணமலை நகரத்துக்கு வந்து துறைமுகப் பக்கம் மீனுக்கு ஐஸ் அடிக்கும் இடமொன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த வேலையில்தான் இன்னும் இருக்கிறேன்.

சீனி வருத்தம் வரப்போகிறது என்று டொக்டர் வெருட்டியதில் அவன் அங்கே சைக்கிள் ஓடத் தொடங்கினான். வெள்ளைக்காரரின் சைக்கிள் கழகம் ஒன்றில் சேர்ந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனைச் சட்டைப் பைக்குள் போட்டு, இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, ஓடியபடியே என்னோடு கதைத்தான். அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. அவனுக்கு விடிந்து சைக்கிள் ஏறும் நேரம் எனக்கு மத்தியானம். அவனைப் பார்த்து நானும் இங்கே சைக்கிள் ஓடத் தொடங்கினேன். என் ஓட்டத்தை வெயிலுக்கு முன்பே முடித்து, குளித்து, சாய்மனைக் கதிரையில் இயர்போனோடு படுத்திருப்பேன். "உங்கட பிரான்ஸ் தொடங்கீட்டுது, இனிச் சோறு எப்பவோ" என்று மனைவி குசினிக்குள் இருந்து சொல்வாள்.

பெரிய சாலைகளில் அவர்கள் ஓடமாட்டார்கள். இரண்டு டிராக்டர் எதிரெதிரே வந்தால் ஒன்று வயலுக்குள் இறங்க வேண்டிய சின்னத் தார்ப்பாதைகள்தான் அவர்களுக்குப் பிடிக்கும். முதலில் கால்வாய்க் கரை, கரை முழுக்க நெட்டை மரங்கள். பிறகு கோதுமை வயல், சூரியகாந்தி வயல். பிறகு நீண்ட ஏற்றம், அதன் உச்சியில் ஒரு தேவாலயமும் பாண் சுடும் கடையும். ஊருக்குள் நுழையும்போது ஊரின் பெயர்ப் பலகை இருக்குமாம். வெளியேறும்போது அதே பெயரைச் சிவப்புக் கோட்டால் வெட்டி இன்னொரு பலகை. "ஊர் முடிஞ்சுதாம் மச்சான்" என்று சிரிப்பான். எங்களுடைய ஊரைப் பலகை இல்லாமலே வெட்டினார்கள் என்று நான் ஒருமுறை சொன்னேன். அதற்கும் சிரித்தான்.

தண்ணீர் முடிந்தால் அவர்கள் கடை தேடுவதில்லை, சவக்காலை தேடுவார்கள். கல்லறைப் பூக்களுக்கு ஊற்றுவதற்கென்று எல்லாச் சவக்காலையிலும் பைப் இருக்கும், போத்தலை அங்கேதான் நிரப்புவோம் என்றான். எனக்கு முதலில் குமட்டியது. போகப்போக, எந்த ஊர்ச் சவக்காலைத் தண்ணீர் குளிர்ச்சி என்று அவனிடம் நானே விசாரிக்கும் அளவுக்கு வந்துவிட்டேன்.

பதிலுக்கு நான் என் பாதையைச் சொல்வேன். கிண்ணியாப் பாலம், மூதூர், தோப்பூர், அதற்கு அப்பால் வயல்கள். கழகத்தின் சட்டையையும் உடம்போடு ஒட்டும் காற்சட்டையையும் எனக்கு அனுப்பியிருந்தான். சட்டையைப் போட்டேன். அந்தக் காற்சட்டையோடு கிண்ணியாவைக் கடந்தால் எனக்குப் பெண் கொடுத்த வீட்டாரே என்னைத் தெரியாது என்று சொல்லிவிடுவார்கள். அதனால் அது அலுமாரியில் கிடக்கிறது.

இன்னொரு காரியமும் செய்தேன், அவனுக்குச் சொல்லாமல். போனில் ஒரு செயலியை வைத்துப் பிரெஞ்சு படித்தேன். ஓடும்போது அவனும் மற்றவர்களும் பேசுவதைக் கேட்டுக் கேட்டே பாதி வந்துவிட்டது. என்றைக்காவது அவனுடைய கூட்டத்துக்கு முன்னால் வாய் திறந்து அவனைத் திகைக்க வைக்க வேண்டும் என்று ஒரு பிள்ளைத்தனமான ஆசை.

என் ஓட்டம் தோப்பூர் தாண்டி ஒரு தேத்தண்ணிக் கடையோடு முடியும். அங்கே திரும்பிவிடுவேன். கடைக்கு அப்பால் கொஞ்சத் தூரத்தில் வாய்க்காலுக்கு மேலே ஒரு சின்ன மதகும் பக்கத்தில் ஒரு மருதமரமும் இருக்கின்றன. அதற்குக் கிட்டப் போகமாட்டேன். ஏன் அங்கேயே திரும்புகிறாய் என்று அவன் பலமுறை கேட்டிருக்கிறான். நான் எதையாவது சொல்லி மழுப்பிவிடுவேன்.

ஒரு ஞாயிறு அவன் ஒரு பெரிய ஏற்றத்தில் இருந்தான். மூச்சு வாங்கியது. "என்னால கதைக்க ஏலாது, நீ கதை, நான் கேக்கிறன்" என்றான். அவன் குறுக்கே பேச மாட்டான் என்ற தைரியத்திலோ என்னவோ, அன்றைக்குச் சொல்லிவிட்டேன்.

ஊரை விட்டு ஓடியபோது அப்பாவால் நடக்க முடியவில்லை. அவரைச் சைக்கிள் கரியரில் இருத்தி, சாரத்தால் சீட்டோடு சேர்த்துக் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தேன். பயப்படக் கூடாது என்று வழி முழுக்க அவரோடு கதைத்துக்கொண்டே வந்தேன். அந்த மதகடியில் அவருடைய ஒற்றைச் செருப்பு விழுந்தது. சைக்கிளை மருதமரத்தில் சாய்த்துவிட்டுப் போய்ச் செருப்பை எடுத்துவந்து காலில் மாட்டினேன். கால் குளிர்ந்திருந்தது. எவ்வளவு தூரம் செத்தவரோடு கதைத்துக்கொண்டு வந்தேன் என்று எனக்குத் தெரியாது. அப்பா வழியில் செத்தார் என்று மட்டும்தான் மனைவிக்குத் தெரியும். செருப்பைப் பற்றியும் நான் கதைத்துக்கொண்டே வந்ததைப் பற்றியும் உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் சொன்னேன்.

உச்சிக்கு வந்ததும் அவன் அழுதது எனக்குக் கேட்டது. "மச்சான், நான் வரேக்க ரெண்டு பேரும் சேந்து அந்த மதகைக் கடப்பம். அதுவரைக்கும் நீ தனியப் போகாதை" என்றான். ஓம் என்றேன். அந்த வாக்கை நான் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றினேன்.

அவனுடைய அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில், மகள் பக்கத்தில் இருக்க, அமைதியாகப் போய்ச் சேர்ந்தார். அவனால் வர முடியவில்லை. நான் பஸ் ஏறிப் போய், அவனுடைய இடத்தில் நின்று பாடைக்குத் தோள் கொடுத்தேன்.

சென்ற வருடம் ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அவனிடமிருந்து தகவல் வந்தது. காய்ச்சலும் தடிமனும், வெளியே மழை, இந்த ஞாயிறு ஓட்டம் இல்லை. கொத்தமல்லி அவித்துக் குடி என்று பதில் போட்டேன். ஞாயிறு விடிய வழக்கம்போல நான் என் சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

தேத்தண்ணிக் கடைக்கார நானா என்னைக் கண்டதும் வெளியே வந்தார். அவருக்கு அவனைத் தெரியும். அவன் அனுப்பும் வீடியோக்களைக் கடையில் இருந்தபடி பலமுறை காட்டியிருக்கிறேன். "என்ன தம்பி பிந்திட்டீங்க? ஒங்கட கூட்டாளி வெள்ளக்காரங்களோட இப்பதானே முன்னுக்குப் போறார்" என்றார். பகிடி விடாதேயுங்கள் நானா, அவன் அங்கே காய்ச்சலில் கிடக்கிறான் என்றேன். "அல்லாவே, எனக்குக் கண் தெரியாதா? கை காட்டிட்டுப் போறார்."

எனக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது என்று நினைத்தேன். என்னைத் திகைக்க வைப்பதற்காகப் பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறான், மதகடியில் எனக்காகக் காத்து நிற்கிறான்! தேத்தண்ணியை வைத்தது வைத்தபடி விட்டுவிட்டுச் சைக்கிளில் பாய்ந்தேன். இத்தனை வருடம் திரும்பிய இடத்தை யோசிக்காமலே தாண்டினேன். சந்தோசத்தில் எனக்குப் பயம்கூட வரவில்லை.

மருதமர நிழலில் ஏழெட்டு வெள்ளைக்காரர் சைக்கிள்களோடு நின்றார்கள். எல்லாரும் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்கள். அவன் மதகுக் கட்டுக்கு முன்னால் எனக்கு முதுகு காட்டி நின்று பேசிக்கொண்டிருந்தான். கிட்டப் போகப்போகப் பிரெஞ்சுச் சொற்கள் கேட்டன. என் அப்பா, என்றான். இந்த இடத்தில், என்றான். என்னைப் பற்றிச் சொல்கிறான் என்றுதான் அப்போதும் நினைத்தேன். பிறகு அவன் யாரோ ஒருவருடைய சைக்கிளின் பின்பக்கம் கையை வைத்து, நான் தள்ளினேன், நான் அவரோடு பேசிக்கொண்டே வந்தேன், என்றான். குனிந்து நிலத்திலிருந்து எதையோ எடுப்பதுபோலக் காட்டினான். செருப்பு என்ற சொல்லும் எனக்குத் தெரியும். குரல் தழுதழுத்தது. இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள்.

என் அப்பாவை என் கண் முன்னாலேயே அவன் எடுத்துக்கொண்டான்.

அவன் திரும்பி என்னைக் கண்டான். முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் சுதாரித்துக்கொண்டு வந்து கட்டிப்பிடித்தான். "மச்சான், நாளைக்கு உன்ர வீட்டை வாறதுக்குத்தான் இருந்தனான்" என்றான். வயதான ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி சிவந்த கண்களோடு என்னிடம் வந்து, அவனுடைய தோளைத் தடவியபடியே பிரெஞ்சில் கேட்டார்: "இவருடைய அப்பாவை உங்களுக்குத் தெரியுமா?"

அவன் எனக்குத் தமிழில் சொன்னான். "தண்ணி வேணுமோ எண்டு கேக்கிறா."

கதையைக் களவெடுத்தது ஒரு பக்கம் இருக்கட்டும். என்னை ஒன்றும் தெரியாத மடையனாக நிறுத்தி, என் முகத்துக்கு நேரே அதைச் செய்தானே, அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் பிரெஞ்சிலேயே பதில் சொன்னேன். "ஓம் அம்மா, தெரியும். கொழும்பில் செத்தார். ஆஸ்பத்திரியில், கட்டிலில். நான்தான் தூக்கினேன்." வினைச்சொல் எல்லாம் பிழை. அவருக்கு விளங்கியது. என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். தோளில் இருந்த கையை மெதுவாக எடுத்தார். மிச்சத்தைச் சொல்ல எனக்குப் பிரெஞ்சு இருந்தது, மனம் வரவில்லை.

அவன் என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனான். "நீ பிரெஞ்சு எப்ப படிச்சனி?" என்றான், களவு பிடிபட்டவன் நான்தான் என்பதுபோல.

"காய்ச்சல் சுகமோ?" என்று கேட்டேன்.

அதற்குப் பிறகுதான் தலையைக் குனிந்தான். "அங்க எல்லாரும் கேப்பினம் மச்சான், நீ என்ன பட்டு வந்தனி எண்டு. நான் ஒண்டும் படேல்லை. ஒருநாள் உன்ர கதை என்ர வாயில வந்திட்டுது. அவை அழுதவை. அதுக்குப் பிறகுதான் என்னைத் தங்கட ஆளா எடுத்தவை. பிறகு மாத்திச் சொல்ல ஏலாமப் போச்சு. இந்த இடத்தைப் பாக்கவேணும் எண்டு அவைதான் ஒற்றைக்காலில நிண்டவை. ஓட்டம் இல்லையெண்டா நீயும் வரமாட்டாய் எண்டு நினைச்சன்." பிறகு, "நீ எனக்குத்தானே சொன்னனி" என்றான்.

"சொன்னனான். தரேல்லை" என்றேன்.

மதகைக் கடக்காமல் சைக்கிளைத் திருப்பினேன். அவனுடைய அழைப்புகள் பிறகும் வந்தன. எடுக்கவில்லை. கோபம் ஆறும் என்று பார்த்தேன், ஆறவில்லை. சொல்லாமல் வந்ததை விட்டுவிடலாம். பொய் சொன்னதைக்கூட விட்டுவிடலாம். ஆனால் இப்போது அப்பாவின் கடைசி வழியை நினைத்தால், நான் பட்டது வருவதில்லை, அவன் நடித்துக் காட்டியதுதான் வருகிறது. கரியரைப் பிடித்துத் தள்ளுகிறவன் அவன். வழி முழுக்கக் கதைத்துக்கொண்டு வருகிறவன் அவன். எவ்வளவு தள்ளிவிட்டுப் பார்த்தாலும், அப்பாவின் குளிர்ந்த காலில் செருப்பை மாட்டுவது அவனுடைய கையாகவே இருக்கிறது.