செத்த மீனின் முள்

போத்தனூரில் ஒட்டிக் கட்டிய ஐந்து வீடுகளில் மூன்றாவது என்னுடையது. மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவில் நர்ஸ் வேலை. மாதத்தில் பாதி நாள் இரவுப் பணி என்பதால் மற்றவர்கள் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில்தான் நான் படுப்பேன்.

நான்காவது வீட்டில் ஓர் இளம் தம்பதி. அவர் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார், அவள் வீட்டிலேயே தையல் மிஷின் வைத்திருக்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின் ஓடினால் என் கட்டில் அதிரும். ஒருநாள் தாங்க முடியாமல் வீட்டு உரிமையாளரிடம் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு நான்கு மாதமாக அவள் என்னிடம் பேசவில்லை. நானும் பேசவில்லை. சமாதானம் செய்துகொள்ளக்கூட உடம்பில் தெம்பு வேண்டுமே.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மாற்று ஆள் வராததால் பணி நீண்டு, வீடு வந்து சேரக் காலை ஒன்பதரை ஆகிவிட்டது. கால் கழுவிவிட்டுச் சேலையைக்கூட மாற்றாமல் படுத்தேன். கண் அசரும் நேரத்தில் கதவு தட்டும் சத்தம். அவள் கணவர் நின்றிருந்தார்.

"ஏனுங்க அக்கா, தூங்கீட்டீங்ளா? இவளுக்கு மீன் முள்ளு குத்திப்போட்டுதுங்க. வலி தாங்காம அழுதுட்டிருக்கறாளுங்க."

மீன் முள்தானே, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடலாம் என்று நினைத்தேன். அந்த வார்த்தை வாய்வரை வந்துவிட்டது. அவர் கையில் பிளேடு ஒன்று இருப்பதைப் பார்த்த பிறகுதான் செருப்பை மாட்டினேன்.

அவள் சமையலறைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் வேர்வை. வலது உள்ளங்கையில், பெருவிரலுக்குக் கீழே மஞ்சள் அப்பியிருந்தது. மணிக்கட்டில் ரப்பர் பேண்டை நாலு சுற்றுச் சுற்றியிருந்ததில் விரல் நுனிகள் நீலம் பாரித்திருந்தன. கழுவும் தொட்டியில் உக்கடம் மீன் சந்தையில் வாங்கி வந்த கடல் கெளுத்திகள் கிடந்தன. முதுகில் ஒரு முள், பக்கத்துக்கு ஒரு முள், ஒவ்வொன்றும் ரம்பம் மாதிரி.

"செத்த மீனுதானுங்கக்கா," என்றாள். நான்கு மாதத்துக்குப் பிறகு என்னிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது. "அது எப்படிங்க இப்படி வலிக்கும்?"

"செத்தாலும் முள்ளுல விஷம் இருக்கும் அம்மணி. மூச்சு வாங்குதா? தலை சுத்துதா?"

"இல்லீங்க. கைதான் எரியுது. தோள்பட்டை வரைக்கும் ஏறுதுங்க."

ரப்பர் பேண்டை அவிழ்த்தேன். கை வீங்குவதற்குள் மோதிரத்தைக் கழற்ற வேண்டும். தேங்காய் எண்ணெய் தடவி மெதுவாக உருவினேன். மஞ்சளை சோப்புப் போட்டுக் கழுவியதும் சிறிய துளை தெரிந்தது.

அவர் பிளேடை நீட்டினார். "கீறி உறிஞ்சி எடுத்துரலாமுங்களா அக்கா?"

"கீறவும் வேண்டாம், வாய் வைக்கவும் வேண்டாமுங்க. அடுப்புல தண்ணி வையுங்க."

"ஐஸ் இருக்குதுங்களே."

ஐஸ் என்றதும் எனக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், மீன் வெட்டும் ஒருவர் திருக்கை வாலின் முள் குத்திய கையோடு வந்தார். வீக்கத்தைப் பார்த்து நான் ஐஸ் வைத்தேன். ஐம்பது வயதுக்காரர், வலியில் குழந்தை மாதிரி அழுதார். கடலோர ஊரிலிருந்து வந்திருந்த டாக்டர் ஒருவர் பார்த்துவிட்டு ஐஸை எடுத்தெறிந்து, சுடுதண்ணீரில் கையை வைக்கச் சொன்னார். சூடு பட்டால்தான் அந்த விஷம் அடங்கும் என்றார். அந்த ஆளிடம் நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை.

தண்ணீரை வாளியில் விளாவி, முதலில் என் கையை விட்டுப் பார்த்தேன். வலியில் இருப்பவளுக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும். நான் பொறுக்கக்கூடிய சூடு வந்ததும் அவள் கையை உள்ளே வைத்தேன். ஆற ஆறக் கையை வெளியே எடுக்கச் சொல்லிச் சுடுதண்ணீர் கலந்து, மறுபடி தொட்டுப் பார்த்து வைத்தேன். ஒன்றேகால் மணி நேரம். முக்காலியில் உட்கார்ந்தபடியே நான் இரண்டு முறை முன்னால் சரிந்தேன்.

அரை மணியில் அவள் அழுகை நின்றது.

"உங்களத் தூங்க உடாமப் பண்ணிப்போட்டேன்," என்றாள். எதைச் சொன்னாளோ, இன்றைக்கா, நான்கு மாதமா.

"தூங்கறதுக்கென்ன கண்ணு, தூங்கிக்கலாம்," என்றேன்.

வலி குறைந்தாலும் வேலை முடியவில்லை. முள் முறிந்து உள்ளே நின்றிருக்கலாம், எக்ஸ்ரே பார்க்க வேண்டும், டிடி ஊசி போட வேண்டும். அவர் அவளை ஆட்டோவில் ஏற்றியபோது, "நானும் வாரேன்," என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேனோ. மூன்று மணி நேரத்துக்கு முன் விட்டு வந்த அதே மருத்துவமனைக்குத் திரும்பப் போனேன். பகல் பணியில் இருந்தவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

எக்ஸ்ரே அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்தோம். விழித்தபோது என் தலை அவள் இடது தோளில் இருந்தது. கட்டுப்போட்ட வலது கையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"எக்ஸ்ரே எடுத்தாச்சா?"

"ரெண்டு தடவ கூப்பிட்டாங்கக்கா. அடுத்த ஆளை அனுப்பச் சொல்லிட்டேன்."

திட்ட நினைத்தேன். முடியவில்லை. எழுந்து அவளை உள்ளே அழைத்துப் போனேன். கடுகை விடச் சற்றுப் பெரிய துணுக்கு ஒன்று சதைக்குள் இருந்தது. டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு எடுத்தார். பெருவிரல் மடங்க ஒரு மாதம் ஆயிற்று. அதுவரை அவளால் கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை.

அன்று நான் வீடு திரும்பும்போது பிற்பகல் மணி மூன்று. இரவு எட்டு மணிக்கு மறுபடி பணி இருந்தது.