பீலிப் பசையும் ராத்தாவின் நிக்காஹும்

எனக்கு மூத்தவளான ராத்தாவின் நிக்காஹ், பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் நடப்பதாக இருந்தது. காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. அது போதாதென்று எங்கள் ஹோலின் கூரையில் மழைநீர் ஓடும் பீலி, மணப்பெண்ணுக்காகச் சோடித்து வைத்திருந்த கதிரைக்கு நேர் மேலே சொட்டத் தொடங்கியது. எங்கள் ஊர் அக்குறணையில் எவ்வளவோ இடம் இருக்க, அந்தத் தண்ணீருக்கு அந்த ஒரு கதிரைதான் கிடைத்தது.

“கூரை வேல செய்ற பாஸுக்கு கோல் எடு மகன்,” என்றார் உம்மா.

எனக்கு அது பெரிய அவமானமாகப் பட்டது. வீட்டுக்குப் பின்னால், கார் நிறுத்தும் கொட்டகையில் பாதியை வளைத்துப் பிடித்து நான் ஒரு பட்டறை நடத்திக்கொண்டிருந்தேன். நடத்தினேன் என்றால், ஸ்பேனர்களைச் சுவரில் அளவு வாரியாக மாட்டி, அவற்றை அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தேன். படித்தது கணக்கியல். மற்றதெல்லாம் வீடியோக்களில் கற்றது. கூரை இடுக்குகளை அடைக்கும் கறுப்பு சீலன்ட் பசைக் குழாய் ஒன்றைக் கண்டி டவுனில் ஆசையாக வாங்கி, பொருத்தமான ஒழுக்குக்காக மாதக்கணக்கில் காத்திருந்தேன். இதைவிடப் பொருத்தமான ஒழுக்கு இனி எப்போது வரும்?

மழை சற்று ஓய்ந்ததும் ஏணி வைத்து ஏறினேன். குழாயைப் பிதுக்கும் கன்னில் மாட்டி, விசையை அழுத்தி, பீலியின் பொருத்து நெடுகப் பசை வைத்து, விரலால் இழுத்துச் சமப்படுத்தினேன். கையுறை இல்லாமல் இல்லை. பட்டறைச் சுவரில் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. சொட்டு நின்றுவிட்டது. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்றைக்கு வேறு யாரும் இதைச் சொல்லவில்லை.

இறங்கி வந்து பார்த்தால் வலது கை முழுவதும் கறுப்பு. கன்னைப் பட்டறை மேசையில் வைத்தேன். வைக்குமுன் அதன் பின்புற விசையைத் தட்டிவிட வேண்டுமாம், அது எனக்குத் தெரியாது. அது தன்பாட்டில் மேசைமேல் பசையைக் கக்கிக்கொண்டே இருந்தது. துடைக்க எடுத்த பழைய பத்திரிகை கையோடு வந்தது. பத்திரிகையைப் பிய்க்க எடுத்த குறடு பத்திரிகையோடு வந்தது. குறட்டை விடுவிக்க இடது கையைக் கொடுத்தேன். அதுவும் போனது. ஒருவழியாகப் பத்திரிகையைக் கிழித்து எறிந்தபோது ஒரு துண்டு மட்டும் வலது உள்ளங்கையில் தங்கிவிட்டது. மரண அறிவித்தல் பக்கம். மூக்குக்கண்ணாடி போட்ட ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர் அங்கிருந்து என்னைப் பார்த்தார்.

யோசிக்காமல் குழாயடிக்கு ஓடி, சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். அந்த வகைப் பசை ஈரம் பட்டால்தான் இறுகும் என்பதை உம்மாவின் தங்கை சாச்சியின் போனில் பிறகுதான் பார்த்தேன். என் போன் என் விரலை அடையாளம் காண மறுத்துவிட்டது. முதலில் உலர்ந்த கடதாசியால் வழித்தெடுக்க வேண்டும், அப்புறம் எண்ணெய், எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் தண்ணீர். நான் கடைசியிலிருந்து தொடங்கியிருந்தேன். இப்போது பசை மேலே இறப்பராகவும் அடியில் ஜேமாகவும் இருந்தது.

வேறொரு நாளென்றால் அப்படியே விட்டிருப்பேன். ஆனால் வாப்பா மௌத்தாகி எங்களை விட்டுப் போய்விட்டதால், ராத்தாவைக் கொடுக்க வேண்டிய வலீ நான். நிக்காஹில் வலீயும் மாப்பிள்ளையும் எதிரெதிரே அமர்ந்து, வலது கையை வலது கையால் பற்றிக்கொண்டு, ஒருவர் கொடுத்தேன் என்றும் மற்றவர் ஏற்றேன் என்றும் சொல்ல வேண்டும். முழு ஜமாஅத்தும் பார்ப்பது அந்த இரண்டு கைகளைத்தான். அதில் ஒன்று இது.

செய்தி சமையல் நடந்த குசினிக்குப் போனது. மாமா மண்ணெண்ணெய்ப் போத்தலோடு வந்தார். சாச்சி சீனியும் சாறு சொட்டும் தேசிக்காய்ப் பாதியுமாக வந்தார். உம்மா தேங்காய் எண்ணெயைக் கவிழ்த்தார்.

“சீனி போட்டா எறும்பு வரும் சாச்சி.”

“வந்தா நல்லம்தானே, அதுவாச்சும் தின்னட்டும்!”

எறும்பு வந்தது. தின்னவில்லை.

அப்போதுதான் வாப்பாவின் மூத்த சகோதரர், எங்கள் பெரியவாப்பா, அத்தர் மணக்க உள்ளே வந்தார். என் கையைத் திருப்பிப் பார்த்தார்.

“இவர் யாரு?”

“தெரியா, பெரியவாப்பா. பேப்பர்ல வந்தவர்.”

“மௌத்தானவரா?”

“ஓ, மௌத்தானவர்தான்.”

அவர் கண்ணை மூடித் திறந்தார். “இதுக்கு மேலால தண்ணி ஊத்தினா தோல்ல படாது. தொழ முந்திக் கழுவுற வுழூ கூடாது. வுழூ இல்லாட்டித் தொழுகை இல்ல. தொழாம வந்து ஒக்கார்ற வலீய ஊர்ல யாராச்சும் கண்டீக்கா? நீ வீட்டுல இரி. ஒனக்கு அடுத்தாப்போல நான்தானே, நான் கையக் குடுக்கிறேன்.” தன் வலது கையை விரித்து எல்லோருக்கும் காட்டினார். வெள்ளை வெளேரென்று, ரோஜா வாசனையோடு, அது வெகுநாளாகத் தயாராக இருந்த கை.

அறைக் கதவு படாரென்று திறந்தது. பாதி அலங்காரத்தில், மருதாணி சிவந்த கைகளோடு ராத்தா.

“பெரியவாப்பா, அவன்ட கை என்ன நெறத்துல ஈந்தாலும் அவன்தான் குடுக்கோணும். இல்லாட்டி நான் சைன் வைக்க மாட்டேன்.” என் பக்கம் திரும்பினாள். “நீ என்னடா பாத்துக்கொண்டு நிக்கிற? தேய்!”

தேய்த்தேன். கடதாசி, எண்ணெய், கடதாசி. இறப்பரான பகுதி கறுப்புப் புழுக்களாக உருண்டு விழுந்தது. அதிபர் மீசையோடு போனார், கண்ணாடி மட்டும் போக மறுத்தது. நான் தேய்க்கத் தேய்க்கப் பெரியவாப்பா பள்ளிவாசல் மௌலவிக்குப் போன் போட்டு, எல்லோரும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தார்.

“என்ன பசை அது?” என்றார் மௌலவி.

“கூரைக்குப் பூசுற பசை, ஹஸரத்.”

“அத ஏன் கையில பூசினது?”

பெரியவாப்பா என்னைப் பார்த்தார். நான் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிக்கொண்டேன்.

“சரி, ஏலுமான வரைக்கும் எடுக்கச் சொல்லுங்கொ. தோல் உரியிற மாதிரித் தேய்க்க வேணாம். மிச்சத்த அல்லாஹ் மன்னிப்பான். அவரையே கூட்டிக்கொண்டு வாங்கொ.”

பெரியவாப்பா தன் கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மாப்பிள்ளை கடுகண்ணாவை ஊர்க்காரர். வெள்ளை உடுப்பில் என் எதிரே அமர்ந்து கையை நீட்டினார். விரல்கள் ஓரளவு சுத்தம், உள்ளங்கை நடுவில் மட்டும் இன்னும் பிசுபிசுப்பு.

“மச்சான், கொஞ்சம் ஒட்டும்,” என்றேன் மெதுவாக.

“பரவால்ல மச்சான், எனக்கும் வேர்க்குது,” என்றார். பாவம்.

பற்றிக்கொண்டோம். மௌலவி சொல்லிக்கொடுக்க, ராத்தாவைக் கொடுத்தேன் என்று சொல்லி முடித்தேன். அவர் உடனே ஏற்றேன் என்று சொல்ல வேண்டும். ஆனால் இரு கைகளின் சூட்டில் மண்ணெண்ணெயும் தேசிக்காயும் தேங்காய் எண்ணெயும் சேர்ந்து ஓர் ஆவி கிளம்பியது. அவர் வாயைத் திறந்தார். தும்மினார்.

“திரும்பச் சொல்லுவோம்,” என்றார் மௌலவி.

திரும்பச் சொன்னேன். திரும்பத் தும்மினார். பின்வரிசையில் யாரோ, “பொடியனுக்கு விருப்பமில்லயோ?” என்று கிசுகிசுத்தார்கள். ராத்தா எனக்காகச் சண்டை பிடித்துத் தந்த கை, அவள் நிக்காஹையே கெடுத்துவிடும் போலிருந்தது. மூன்றாம் தடவை மாப்பிள்ளை மூச்சை அடக்கி, கண்ணிலிருந்து தண்ணீர் வழிய, முகம் சிவக்க, ஏற்றுக்கொண்டேன் என்று ஒரே மூச்சில் சொன்னார். அவர் உருகிவிட்டார் என்று நினைத்து அவருடைய ஆட்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

நிக்காஹ் முடிந்தது. கைகள் பிரியவில்லை. நான் இழுத்தேன், அவர் இழுத்தார். கடைசியில் பிரிந்தபோது சாக்குக் கிழிவதுபோல் ஒரு சத்தம் வந்தது. மைக் பக்கத்தில் இருந்தது.

வாழ்த்துச் சொல்ல முதலில் வந்தவர் பெரியவாப்பா. மாப்பிள்ளையின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். பிறகு அவர் சம்பந்தி வீட்டாரோடு குலுக்கினார், அவர்கள் தங்களுக்குள் குலுக்கினார்கள். ரோஜா அத்தரும் மண்ணெண்ணெயுமாக ஆள் மாறி ஆள் மாறிக் கறுப்புப் போய்க்கொண்டிருந்தது. பிஸ்கட் தட்டு வரும்வரை யாரும் கவனிக்கவில்லை.

வீட்டில், வெள்ளைச் சாரியில், சொட்டில்லாத கூரையின் கீழே ராத்தா அமர்ந்திருந்தாள். மாலை போட மாப்பிள்ளை புன்சிரிப்போடு நெருங்கினார். ராத்தாவின் பார்வை அவர் முகத்தில் ஒரு கணம் நின்று கைக்கு இறங்கியது.

“கிட்ட வராதீங்கொ!”

புருஷனிடம் அவள் சொன்ன முதல் வார்த்தை அது. மாப்பிள்ளை ஒரு காலைத் தூக்கியபடி நின்றுவிட்டார்.

“அவனக் கூப்பிடுங்கொ,” என்றாள். “குடுத்தவன் வந்து தொடைக்கட்டும்.”

அத்தனை பெண்களுக்கும் முன்னால், வீடியோக்காரன் விளக்கைப் பிடிக்க, மச்சானின் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். அவர் ராத்தாவை ஒருமுறை பார்த்துவிட்டு என் காதுப்பக்கம் குனிந்தார்.

“மச்சான், இவங்க எப்பவும் இப்படித்தானா?”

“அத முன்னுக்கே கேட்டீக்கோணும், மச்சான்,” என்றேன். “இப்ப குடுத்தாச்சு.”