ட்ராக் என்று சொல்லியிருக்கலாம்

அந்த நாட்களில் எங்கள் வீடுகளில் பாதை என்றால் ஒன்றுதான். வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் போகிற பாதை. சண்டை ஓய்ந்து அது திறந்த பிறகு மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கே நின்றாலும் அதே கதைதான்: மெற்றோ வாசலில், மரக்கறிக் கடையில், பனி படிந்த வெளிமாடிப் படிகளில். பாதையால் போனீங்களோ, பாதை எப்படி இருக்கு, பாதையில் எத்தனை இடத்தில் இறக்கி ஏற்றினவங்கள். எந்தப் பாதை என்று ஒருவரும் திருப்பிக் கேட்டதில்லை.

எனக்கு இன்னொரு பாதை இருந்தது. அதைச் சொல்ல எனக்குக் கூச்சம். இதை எழுதும்போதும் காது சூடாகிறது.

என் பாதை இங்கிலாந்தின் கிழக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில் கிடந்தது. கல்யாணமாகிக் கனடாவுக்கு வருமுன் சில வருடங்கள் அந்த ஊரில் பச்சைப் பட்டாணியை உறையவைத்துப் பையிலடைக்கிற தொழிற்சாலையில் வேலை செய்தேன். என் பக்கத்தில் நின்று பெட்டி அடுக்கிய வெள்ளைக்காரர் ஒருநாள், சனிக்கிழமைகளில் நீ என்ன செய்கிறாய் என்று கேட்டார். ஒன்றும் செய்வதில்லை என்றேன். அப்படியென்றால் என்னோடு வா என்று ஸ்பீட்வேக்குக் கூட்டிப்போனார்.

ஸ்பீட்வே என்றால் இதுதான். முட்டை வடிவத்தில் ஒரு மண் ஓடுதரை, செங்கல்லை இடித்துத் தூவியது போலச் சிவப்பு. நாலு மோட்டார் சைக்கிள்கள், நாலு சுற்று, மொத்தம் ஒரு நிமிடம். அந்தச் சைக்கிள்களுக்குப் பிரேக் இல்லை. வளைவு வரும்போது பின்சில்லை வழுக்கவிட்டு, இரும்புத் தகடு பூட்டிய இடது காலை மண்ணில் தேய்த்துக்கொண்டு, விழப்போகிறவர்கள் போலச் சரிந்து திரும்புவார்கள். விழாமல் திரும்புவதுதான் விளையாட்டே. முதலாவதாக வருகிறவருக்கு மூன்று புள்ளி, அடுத்தவருக்கு இரண்டு, மூன்றாமவருக்கு ஒன்று, கடைசி ஆளுக்குச் சிவப்புப் புழுதி. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கழகம் உண்டு. சனம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, சுடுதண்ணிப் போத்தலில் தேநீரோடு வந்து, எதிர்க் கழகத்துக்காரர்களோடு தோள் உரச நின்று, புள்ளிகளைத் தங்கள் கையால் குறித்துக்கொள்ளும். எஞ்சினுக்கு ஊற்றுகிற எண்ணெயில் ஆமணக்கெண்ணெய் கலந்திருக்கும். சின்ன வயதில் மூக்கைப் பொத்திப் பருக்கிய அதே சனியன், அங்கே எரிந்து, இனிப்பாய், கொஞ்சம் கருகலாய், நெஞ்சுக்குள் போய் இருந்துகொண்டது.

இரண்டாவது வருடம் என் கையில் ஒரு விறாண்டியைத் தந்தார்கள். ஓட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் இடையில் வளைவில் விழுந்த குழிகளை இழுத்து மூட வேண்டும். சம்பளம் இல்லை, உள்ளே போக ரிக்கெற்றும் எடுக்கத் தேவையில்லை. அந்த ஊரில் என் பெயரைப் பிழையாகவாவது சொல்லிக் கூப்பிட்ட இடம் அது மட்டுந்தான்.

என்னைக் கூட்டிப்போன அந்த நண்பருடைய தகப்பன் காலத்தில், இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு, அந்த மைதானத்தில் நிற்க இடமிருக்காதாம். வேலை விட்ட ஆட்கள் வீட்டுக்குக்கூடப் போகாமல் வரிசையில் நிற்பார்களாம். நான் போன காலத்தில் படிக்கட்டுகளில் புல் முளைத்திருந்தது. சனம் வயதாகிக்கொண்டு வந்தது. நான் மொன்றியலுக்கு வந்த பிறகு அவர் ரெலிபோனில் சொன்ன செய்திகள் எல்லாம் ஒரே செய்திதான். இந்த ஊர் மைதானத்தில் வீடு கட்டப்போகிறார்கள். அந்த ஊரில், ஐம்பது வருடமாய் இருக்கிற மைதானத்தின் பக்கத்தில் புதிதாக வீடு வாங்கினவர்கள் சத்தம் என்று முறைப்பாடு கொடுத்திருக்கிறார்கள். இன்னொரு கழகம் நிலமில்லாமல் நாய்ப் பந்தயம் நடக்கிற இடத்தில் வாடகைக்கு நிற்கிறது. கேட்கக் கேட்க எனக்கு இது எங்கேயோ கேட்ட கதையாக இருந்தது. அப்படி நினைத்ததற்கும் பிறகு வெட்கப்பட்டேன். வீடிழப்பதை விளையாட்டோடு ஒப்பிடலாமா?

சனிக்கிழமை மத்தியானங்களில், அங்கே பின்னேரம் ஆனதும், அவர் வேலியோரம் நின்று தன் கைத்தொலைபேசியை மைதானத்தை நோக்கிப் பிடிப்பார். நான் நடைவழியில் நின்று, கதவைச் சாத்தி, ஒரு நிமிட உறுமலைக் கேட்பேன். ரெலிபோன் காட்டை மூலைத் தெப்பானரில், எங்கள் ஆள் ஒருவரின் சில்லறைக் கடையில், வாங்குவேன். கல்லாவில் நின்ற பெடியன் ஒவ்வொரு தடவையும் "ஊருக்கோ அண்ணை?" என்பான். ஓம் என்பேன். பொய் சொன்னதாக ஒருநாளும் தோன்றவில்லை. அதுதான் எனக்குள் பயமாக இருந்தது.

இனி என் வியாதியைச் சொல்ல வேண்டும். நான் எழுதுகிறவன். ஆங்கிலச் சொல்லை வாய்க்குள் வைத்திருக்க மாட்டேன், தமிழ் கண்டுபிடித்தால்தான் நிம்மதி. குளிர்ப்பெட்டியைத் திறவும் என்று நான் சொன்னால், மனைவி, "ஃப்ரிட்ஜைத்தானே சொல்லுறியள்?" என்பாள், அப்போதுதான் கேள்விப்பட்டவள் மாதிரி. மச்சானின் பிள்ளைகள் அஹுன்ட்சிக்கிலிருந்து வந்தால், பிரெஞ்சில் சிரித்துச் சிரித்து என்னைக் கதைக்க வைப்பார்கள். எனக்கு அதில் ஒரு பெருமையும் இருந்தது. மறைப்பானேன்? மனதுக்குள் ட்ராக்கைப் பாதை என்று ஆக்கி எத்தனையோ வரிகள் எழுதி வைத்திருந்தேன். சிவந்த பாதை, இடப்பக்கமாகவே திரும்பும் பாதை, பிரேக் இல்லாத பாதை. ஒருவருக்கும் காட்டியதில்லை.

மாமி, என் மனைவியின் தாய், எங்களோடுதான் இருந்தா. அவவின் ஒரே தங்கச்சி யாழ்ப்பாணத்தில். ஊர் எழும்பி ஓடின காலத்தில் ஒருவரையொருவர் தவறவிட்டவர்கள். பாதை திறந்த செய்தி வந்த நாளிலிருந்து மாமிக்கு ஒரே யோசனைதான்: போய்த் தங்கச்சியைப் பார்ப்பது, கையோடு கொழும்புக்குக் கூட்டிவந்து விசாவுக்கு முயற்சிப்பது. முழங்கால் நோ, குளிர், காசு என்று இழுபட்டு இழுபட்டு, கடைசியில் ரிக்கெற் போட்டாயிற்று. புதன்கிழமை பயணம். ஞாயிறு மத்தியானம் வழியனுப்பும் சாப்பாடு. மச்சான் குடும்பமும் இன்னும் சில சொந்தக்காரரும் வந்து, ஆளாளுக்கு ஒரு பொதி தந்து, இருப்பறை நடுவில் மாமியின் சூட்கேஸ் வாய் திறந்து கிடந்தது. மேலாக, தங்கச்சிக்கென்று வாங்கிய ஊதாச் சேலை.

அப்போது நடைவழியில் ரெலிபோன் அடித்தது. நான் எடுத்தேன்.

நண்பர். நகரசபை சம்மதித்துவிட்டதாம். வாற சனிக்கிழமை கடைசி ஓட்டம். அதன்பிறகு இயந்திரங்கள் வந்துவிடும். கழகம் வேறு ஊரில் இரவல் மைதானத்தில் ஓடுமாம், ஆனால் அவ்வளவு தூரம் தன்னால் போக ஏலாது என்றார். வைத்துவிட்டுத் திரும்பியபோது என் முகம் நனைந்திருந்தது. எனக்கே தெரியாது. கதவில் மச்சான் நின்றார்.

"ஆர் எடுத்தது? என்னவாம்?"

"பாதையைப் பூட்டுறாங்களாம்," என்றேன்.

அவ்வளவுதான். கோப்பைகளின் சத்தம் நின்றது. சூட்கேஸின் அருகில் இருந்த மாமி தலையைத் தூக்கினா.

"எப்பவாம் தம்பி?"

நான் இன்னும் அந்தச் சிவப்பு மண்ணிலேயே நின்றேன். "வாற சனிக்கிழமையோட சரியாம்."

புதன் ஏறினால் வெள்ளி கொழும்பு. சனி பாதை. மாமி விரல் மடிக்காமலே கணக்குப் பார்த்து முடித்ததை அவவின் முகத்தில் கண்டேன். ஆனால் எதைக் கண்டேன் என்று எனக்கு விளங்கவில்லை, அவ்வளவுக்கு என் துக்கத்தில் மூழ்கிப்போயிருந்தேன். மச்சான் என்னைத் தாண்டிப் போய் ரெலிபோனை எடுத்தார். ஒருவர் கைத்தொலைபேசியில் ரொறன்ரோவைப் பிடித்தார், இன்னொருவர் பாரிஸை. அது இல்லை, அது வேற என்று நான் வாயைத் திறந்தேன். யாருக்கும் கேட்கவில்லை. சத்தம் போடவும் எனக்குத் துணிவு வரவில்லை. சத்தம் போட்டு எதைச் சொல்வது?

கொஞ்ச நேரத்தில் ரொறன்ரோவிலிருந்து திரும்பி அழைப்பு வந்தது. ஓமாம், அவைக்கும் இப்போதுதான் யாரோ சொன்னார்களாம், பாரிஸ் பக்கமிருந்து வந்த செய்தியாம், நம்பலாமாம். நான் சொன்ன வார்த்தை ஒரு சுற்றுச் சுற்றி எனக்கே திரும்பி வந்தது. அந்தக் கணத்தில் நானே நம்பினேன். ஒருவேளை அதுவும் பூட்டிவிட்டார்களோ?

மாமி ஊதாச் சேலையை வெளியே எடுத்தா. மடியில் வைத்துத் தடவினா. பிறகு மற்றச் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து நிலத்தில் அடுக்கத் தொடங்கினா. அழவில்லை. அதைப் பார்த்துத்தான் என் வாய் திறந்தது.

"மாமி, உங்கட பாதை இல்லை. இங்கிலாந்தில ஒரு மைதானம். மோட்டச்சைக்கிள் ஓடுற பாதை."

மச்சான் ரெலிபோனைக் காதிலிருந்து எடுத்தார். "மோட்டச்சைக்கிளோ?"

"ஓம்."

"ரேஸோ?"

"ஒருமாதிரி ரேஸ்தான்."

மாமி என்னை ஏறிட்டுப் பார்த்தா. கோபமில்லை. கணக்குப் பிழைத்த பிள்ளையைப் பார்ப்பது போல. "அதுக்கோ தம்பி அழுதனீங்கள்?"

"ஓம் மாமி."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். ஊரில் எங்கள் வீடு தரைமட்டமான படத்தை மச்சான் கொண்டுவந்து காட்டியபோது நான் அழவில்லை, ம் என்று பார்த்துத் திருப்பிக் கொடுத்தவன். அது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். மனைவி குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள். கழுவ ஒன்றும் இல்லாத நேரம்.

மச்சான் ரெலிபோனை என் கையில் வைத்தார். "நீரே எல்லாருக்கும் எடுத்துச் சொல்லும்."

சொன்னேன். அன்று பின்னேரம் முழுக்க, ஒவ்வொரு வீடாக. யாழ்ப்பாணப் பாதை திறந்துதான் இருக்கிறது, பூட்டினது மோட்டார் சைக்கிள் ஓடுகிற மண் தரை. ஒரு வயதான குரல், ரேஸ் என்றால் குதிரைக்குக் காசு கட்டுகிறதுதானே, உமக்கும் அந்தப் பழக்கம் இருக்குதோ என்று கவலையோடு விசாரித்தது. இல்லை ஐயா, அதில் குதிரையே இல்லை. அப்ப எவ்வளவு விட்டனீர்? இன்னொரு வீட்டில் ஒரு பெண் நான் சொல்லி முடிக்குமுன் விசும்பத் தொடங்கினா. நிம்மதியில். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் பின்னால் மாமி சாமான்களைத் திரும்ப அடுக்குகிற சத்தம், கடைசியாகச் சூட்கேஸின் சிப் இழுபடுகிற சத்தம்.

புதன்கிழமை போனா. தங்கச்சியைப் பார்த்தா. அந்தச் சனி மத்தியானம், கடைசி ஓட்டத்தின் நேரம், ரெலிபோன் அடித்தது. நான் எடுக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து மாமி திரும்பி வந்தா. விசா உடனே சரிவரவில்லை, அடுத்த தடவை தங்கச்சி தானாகவே கொழும்புக்கு இறங்கி வருவாள் என்று பேச்சு. ஒருநாள் குசினியில் மரக்கறி வெட்டிக்கொண்டு, பாதையில் எங்கெங்கே இறங்கி நடந்தது, எங்கே பையைக் கொட்டிக் காட்டினது என்று சொல்லிக்கொண்டு போனவ, இடையில் கேட்டா: "உங்கட பாதையில என்ன செய்யிறவை?"

பகிடி பண்ணுகிறா என்று நினைத்தேன். இல்லை. சொன்னேன். நாலு பேர், நாலு சுற்று, பிரேக் இல்லை.

"பிரேக் இல்லாமல் எப்பிடி நிக்கிறது?"

"நிக்கிறேல்லை மாமி. சரிஞ்சு திருப்பிறது."

"அப்ப சுத்திச் சுத்தி வெளிக்கிட்ட இடத்துக்கே வாறதோ?" கத்தியை நிறுத்தி யோசித்தா. "அதுக்கேன் இந்த அவசரம்?"

மனைவி சிரித்தாள். அந்த ஞாயிற்றுக்குப் பிறகு முதல் தடவையாக. அன்றிலிருந்து வீட்டில் இரண்டு பாதை. உங்கட, எங்கட. உங்கட பாதையில் வீடு கட்டியாச்சோ என்று மாமி கேட்பா. கட்டிவிட்டார்கள் என்பேன். ஓடினவர்களின் பெயர்களைத் தெருக்களுக்கு வைத்திருப்பதாக நண்பர் சொன்னார். கழகம் இரவல் மைதானத்தில் ஒரு வருடம் ஓடிப் பார்த்துவிட்டுக் கலைந்தது. வேறு சில ஊர்களில் இன்னும் ஓடுகிறார்கள், சனம் இன்னும் கொஞ்சம் குறைந்து, இன்னும் கொஞ்சம் நரைத்து. நான் பாதை என்ற சொல்லையே விட்டுவிட்டேன். ரோட் என்றேன், ட்ராக் என்றேன், ஃப்ரிட்ஜ் என்றும் சொன்னேன்.

பிறகு, ஊரில் சண்டை திரும்ப மூளுகிற செய்திகள் வந்துகொண்டிருந்த ஒரு கோடைப் பின்னேரம். தங்கச்சி விசாவுக்காகக் கொழும்புக்கு வெளிக்கிட நாள் குறித்திருந்தது. ரெலிபோன் அடித்தது, நான்தான் எடுத்தேன். மச்சான். நாலே சொல்லில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவருடைய குரலில் ஒரு சந்தேகமும் இருக்கவில்லை.

திரும்பினேன். மாமி அதே இருப்பறையில், அதே கதிரையில். என் முகத்தைப் படித்தா. அந்த முகத்தை அவவுக்கு முன்னமே தெரியும்.

"பாதையோ தம்பி?"

ஓம் என்று தலையசைத்தேன்.

"எந்தப் பாதை?" என்றா. "உங்கடையோ?"

அந்தக் கேள்வியில் ஒரு ஆசை இருந்தது. என்னுடையதாக இருக்கட்டும் என்று, எங்கேயோ ஒரு வெள்ளைக்கார ஊரின் மண்ணாக இருக்கட்டும் என்று, நான் திரும்பவும் வெட்கங்கெட்டு ஒரு மோட்டார் சைக்கிளுக்கு அழுதவனாக இருக்கட்டும் என்று. நானும் அதையே வேண்டிக்கொண்டு நின்றேன். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

"இல்லை மாமி," என்றேன். "எங்கட."