வெட்ட வெட்டக் கூடிய சூடு

மூக்கம்மாளின் கரண்ட் அடுப்புக்கு வயது ஏற ஏற வேகமும் ஏறியது. வாங்கிய புதிதில் உலை வைத்துவிட்டு வெங்காயம் முழுக்க உரித்து முடிக்கலாம். இப்போதோ அரிசியைக் களைவதற்குள் தண்ணீர் தளதளவென்று கொதித்துவிடுகிறது. புழங்கப் புழங்க அடுப்பு தன் கைக்குப் பழகிவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

சாத்தூர்ப் பக்கத்துக்காரி. புருஷன் இறந்த மறு வருஷம், எண்பத்தாறில், அனுப்பர்பாளையத்துக்கு வந்து பனியன் கம்பெனியில் தைத்த துணியின் பிசிறு வெட்டினாள். கூட வேலை பார்த்த தெற்கத்திப் பையன்கள் ஓட்டல் சோற்றில் வயிறு கெட்டுத் திரிந்தார்கள். பாவம் பார்த்து நாலு பேருக்குச் சேர்த்துப் பொங்கினாள். நாலு பேர் பத்தாகி, பத்து இருபதானபோது கம்பெனியை விட்டுவிட்டாள். சோறாக்குவதே பிழைப்பாயிற்று.

விறகுப் புகை சுவரைக் கெடுக்கும் என்று வீட்டுக்காரி கமலாம்பாள் சொல்லிவிட்டதால் கரண்ட் அடுப்பு. வெள்ளைப் பீங்கான் தட்டு, அதன் காடியில் சுருள் கம்பி. காயில் என்பார்கள். கஞ்சி பொங்கி வழிந்தால் காயில் அறுந்துபோகும். மூக்கம்மாள் கருகிய நுனியைக் கத்தரித்து எறிவாள். மிச்சத்தை இழுத்து நீட்டி, முறுக்கிக் கோத்துவிடுவாள். பட்டனைத் தட்டினால் முன்னைவிடச் சிவப்பாக எரியும்.

வாடகையிலேயே கரண்டும் அடக்கம். லைன் வீடுகளுக்கெல்லாம் ஒரே மீட்டர், ஒரே ஃபியூஸ். இரண்டும் கமலாம்பாள் வீட்டு வாசலில். ஒரு சித்திரையில் ஃபியூஸ் அடிக்கடி போக ஆரம்பித்தது. ஒரு நாள் கமலாம்பாள் நேராக உள்ளேயே வந்துவிட்டாள்.

"அம்மிணி, ஒளிக்காம சொல்லிப்போடு. இன்னொரு அடுப்பு எங்க வெச்சிருக்கிறே?"

"இருக்கது இது ஒண்ணுதாம்மா. வேணும்னா கட்டிலுக்குக் கீழ பாருங்க."

கமலாம்பாள் நிஜமாகவே குனிந்து பார்த்தாள். வெங்காய மூட்டைதான் இருந்தது. அதையும் ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்தாள்.

"ஒத்தை அடுப்புக்கு எங்கூட்டு ஃபியூஸ் இப்பிடிப் போகுமாக்கும்? ஒண்ணாந்தேதிக்குள்ள வேற ஊடு பாத்துக்கோ."

மூக்கம்மாள் வேறு வீடு தேடினாள். இருபது பேருக்குச் சமையல் என்றதுமே எல்லோரும் கதவைச் சாத்தினார்கள். வீடு போனால் அடுப்பு போகும்; அடுப்பு போனால் மறுபடியும் பிசிறு வெட்டத்தான் போகவேண்டும்.

அவளிடம் சாப்பிடுகிறவர்களில் சுடலை ஒருவன். திருநெல்வேலிப் பக்கம், கம்பெனியில் எலக்ட்ரீசியன். ஞாயிற்றுக்கிழமை கரண்டை அளக்கிற கையடக்க மீட்டர்கள் இரண்டோடு வந்தான். வீட்டுக்காரியையும் கூப்பிடச் சொன்னான்.

"அடுப்பைப் போடுக்கா."

ஒரு மீட்டரின் முனைகளைப் பிளக்கில் வைத்தான். இன்னொன்று ஒயரைக் கவ்விப் பிடிக்கிற ரகம். இரட்டை ஒயரில் ஒன்றை மட்டும் பிரித்து அதன் வாயில் கொடுத்தான். பிறகு துணிக்குக் கோடு போடுகிற சாக்கட்டியால் தரையில் எழுதினான்.

"வோல்ட் எரநூத்தி இருவது. ஆம்பியர் ஏழு. அதை இதால வகுத்தா, கம்பி கரண்டை எம்புட்டு மறிக்குதுன்னு தெரியும். முப்பத்தொண்ணு ஓம்ஸ். ரெண்டையும் பெருக்குனா சூட்டோட அளவு. ஆயிரத்து ஐந்நூத்தி நாப்பது வாட்டு. கடைக்காரன் உனக்கு ஆயிரம்னு சொல்லித்தானக்கா வித்தான்?"

"ஆமா."

"ஆயிரம் வாட்டுக் கம்பின்னா நாப்பத்தெட்டாவது மறிக்கணும். மூணுல ஒரு பங்கை வெட்டி எறிஞ்சிருக்கே."

"எளைச்ச கம்பி எப்படிய்யா கூடச் சுடும்?"

"கம்பி கொறஞ்சா மறிக்கதும் கொறயும்லா? கரண்டு கூட ஓடும். சூடும் கூடும். ஃபியூஸ் போறதும் அதாலதான்."

மூக்கம்மாள் அடுப்பைப் பார்த்தாள். அவள் அறிந்தவரை எதை வெட்டினாலும் அது குறையும். துணி குறையும், கயிறு குறையும். வெட்ட வெட்டக் கூடுகிற ஒன்றை, என்னவென்றே தெரியாமல், இத்தனை நாளாகத் தன் கையாலேயே வளர்த்திருக்கிறாள்.

கமலாம்பாள் அசையவில்லை. "நீங்க ரெண்டு பேரும் தெக்கத்திக்காரங்க. தரையில எழுதுனா நான் நம்போணுமா தம்பி? எம்பட மீட்டரு சொல்லோணும்."

"சொல்லும் வீட்டம்மா. லைன் வீடு அத்தனையிலயும் மத்ததெல்லாம் அணைச்சிருங்க. இந்த அடுப்புக்கு ஒரு நிமிசத்துல சக்கரம் எத்தனை சுத்துதுன்னு எண்ணுங்க."

வாசல் மீட்டரின் கண்ணாடிக்குப் பின்னால் அந்தத் தகட்டுச் சக்கரம் ஓடியது. சிவப்புக் கோடு வரும்போதெல்லாம் கமலாம்பாள் விரலை மடக்கினாள். பதினைந்து.

சுடலை வாங்கி வந்திருந்த புதுக் காயிலை மாட்டுவதற்கு முன்னாலேயே சாக்கட்டியை எடுத்தான். "இது நாப்பத்தெட்டு மறிக்கும், அப்ப நாலரை ஆம்பியர். பெருக்குனா தொள்ளாயிரத்துத் தொண்ணூறு வாட்டு. அதுக்குப் பதினஞ்சுன்னா இதுக்குச் சக்கரம் பத்துதான் சுத்தும்."

"நீ பாத்தியா, சுத்தறக்கு முந்தியே சொல்றதுக்கு?"

"எண்ணிட்டுத் திட்டுங்க."

ஓடிக்கொண்டிருந்த சக்கரம் இப்போது நடந்தது. கைக்கடிகாரமும் கோடுமாக மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த கமலாம்பாளின் பத்தாவது விரல் மடங்கியபோது நிமிஷமும் முடிந்தது. மறுபடியும் எண்ணினாள். பத்தேதான். அதற்குப் பிறகு சக்கரத்தையே பார்த்தபடி நின்றாள்.

மூக்கம்மாளும் பக்கத்தில் வந்து நின்றாள். "அணைய்யா" என்று அடுப்படியில் இருந்த சுடலைக்குக் குரல் கொடுத்தாள். சக்கரம் மெதுவாகித் தயங்கி நின்றது. "போடு" என்றாள். நகர்ந்தது.

"அங்கன கடைசி வீட்டுல கெடக்குற என் அடுப்பு இதுக்கு எப்படிம்மா தெரியுது?"

"அதைத்தான் நானும் பாக்கறேன் அம்மிணி" என்றாள் கமலாம்பாள், குரலைத் தாழ்த்தி. பிறகு அவள் பக்கம் திரும்பி, "இருந்துக்கோ. கம்பியை மட்டும் இனி வெட்டாதே" என்றாள்.

மறுநாள் காலையில் உலை கொதிக்கவே வெகுநேரமாயிற்று. ஷிப்டுக்குப் போகிறவர்கள் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னக்கா, அடுப்பு தூங்குதா?"

"தூங்கலைய்யா. ஆயிரம் வாட்டுக்கு எம்புட்டுக் கொதிக்கணுமோ அம்புட்டுத்தான் கொதிக்கும். அவசரம்னா வெட்டணும். நான் வெட்ட மாட்டேன். நாளையிலருந்து நான் முன்னால எந்திரிக்கேன். இன்னைக்குப் பொறுத்து உக்காருங்க."